ஹைலக்ஸா ரேஞ்சரா? ஓட்டுறவங்க சொல்றத எப்படி எடுத்துக்கிறது

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன் பக்கத்து வெருலம்ல காய்கறி போடுறோம், கத்தரிக்கா, பச்ச மிளகா, வெண்டைக்கா, கொத்தமல்லி. வாரத்துல அஞ்சு நாள் விடியறதுக்கு முன்னாடி கிளேர்வுட் மார்க்கெட்டுக்கு லோடு போகுது, சனிக்கிழமை தம்பி ட்ரெய்லர் மாட்டி உரம் எடுத்துட்டு வருவான். பழைய பக்கி, அதான் பிக்-அப் வண்டி, முடிஞ்சு போச்சு. இப்ப ரெண்டு டபுள் கேப், நாலு கதவு வச்ச பிக்-அப், பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு 2019 டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 ஜி.டி-6, ஆட்டோமேட்டிக் கியர், 1,60,000 கிலோமீட்டர், ஒரு தனி ஆள் விக்கிறார். இன்னொண்ணு 2020 ஃபோர்டு ரேஞ்சர் 2.0 பை-டர்போ, 1,05,000 கிலோமீட்டர், டீலர்கிட்ட நிக்குது, விலையும் கொஞ்சம் கம்மி. கேக்குற ஆள் எல்லாம் ஒவ்வொண்ணு சொல்றாங்க. மாமா தன்னோட பழைய 3.0 டி-4டி ஹைலக்ஸ் நாலு லட்சம் தாண்டி ஓடுது, வேற எதையும் பாக்காதன்னு சொல்றார். பக்கத்து வீட்டுக்காரர் ரேஞ்சர் 3.2 ஆயில் சர்வீஸ் முடிச்சு வந்த ரெண்டாவது நாளே எஞ்சின் ஜாம் ஆகிடுச்சு, ஃபோர்டு பக்கமே போகாதங்கிறார். கூட படிச்ச பொண்ணோட வீட்டுக்காரர் இதே பை-டர்போவ மூணு வருஷம் ஓட்டி வித்தவர், சொர்க்கம்னு சொல்றார். சித்தப்பா ஹைலக்ஸ் முதுக ஒடிக்கும்ங்கிறார், அம்மாவுக்கு வேற மூட்டு வலி. டெக்சாஸ்ல இருக்கிற அண்ணன் இதெல்லாம் பொம்மை வண்டி, ஃபோர்டோட பெரிய பிக்-அப் எஃப்-150 வாங்குங்கன்னு போன்ல சொல்றான். யார் பேச்ச கேக்குறது?

பதில்: தங்கச்சி, உங்க அண்ணன் பேச்ச முதல்ல முடிச்சிடலாம். எஃப்-150 அருமையான வண்டிதான், ஆனா நாலு கதவு வச்சது கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், ஹைலக்ஸ் 5.3 சொச்சம், மார்க்கெட்ல லோடு இறக்குற இடத்துல ரிவர்ஸ் எடுக்குறவங்களுக்கு அந்த அரை மீட்டர் என்னன்னு தெரியும். அதவிட பெரிய விஷயம், அமெரிக்காவுல ஓடுறது இடது பக்க ஸ்டியரிங், சவுத் ஆப்பிரிக்காவுல அத புதுசா பதிவு பண்ண சாதாரண ஆளுக்கு வழியே இல்ல. நம்ம வேலைக்கு இந்த ரெண்டு டபுள் கேப் தாராளமா போதும்.

மீதி நாலு பேர் சொன்னதுலதான் விஷயம் இருக்கு. நாலு பேரும் பொய் சொல்லல. ஆனா நீங்க வாங்கப்போற வண்டிய பத்தி பேசுனது அதுல ஒருத்தர்தான், அவரும் பாதிதான் சொல்லியிருக்கார்.

மாமாவோட வண்டி. 3.0 டி-4டி எஞ்சினும் நீங்க பாத்திருக்கிற 2.8 ஜி.டி-6 எஞ்சினும் பேர்ல ஹைலக்ஸ், உள்ள வேற வேற குடும்பம். பழசுல டைமிங் பெல்ட், 1,50,000 கிலோமீட்டருக்கு மாத்தணும், இன்ஜெக்டர் அடியில இருக்கிற செப்பு வாஷர் கசிய ஆரம்பிச்சா கரி ஆயிலோட கலந்து கீழ இறங்கி, பம்பு ஆயில உறிஞ்சுற இடத்துல இருக்கிற பிக்-அப் வலைய அடைக்கும், அத கவனிக்காத வண்டி எல்லாம் எஞ்சின் போய் நின்னுது, கவனிச்ச வண்டி மாமா வண்டி மாதிரி ஓடுது. 2.8 இங்க 2016-ல வந்த புது எஞ்சின், டைமிங் செயின். அதனால மாமாவோட நாலு லட்சம் கிலோமீட்டர், மாமா எவ்வளவு ஒழுங்கா ஆயில் மாத்துனார்ங்கிறதுக்கு சாட்சி, 2019 வண்டிக்கு அது சாட்சி ஆகாது. ஆனா அவர்கிட்ட வேற ஒண்ணு கேளுங்க. எஞ்சின விட்டுட்டு ஸ்பிரிங், ஷேக்கிள் புஷ், பால் ஜாயின்ட், பின் டிஃப், வீல் பேரிங் இதுக்கெல்லாம் எப்ப எப்ப காசு போச்சுன்னு கேளுங்க, அவரும் லோடு ஏத்துறவர்ங்கிறதால அந்த கணக்கு உங்களுக்கு நேரா உதவும்.

பக்கத்து வீட்டுக்காரர் கதை எனக்கு ரொம்ப மனசு கஷ்டம், ஏன்னா அது தடுத்திருக்கக்கூடிய சாவு. 3.2 அஞ்சு சிலிண்டர் எஞ்சின்லயும் அதோட தம்பி 2.2-லயும் ஆயில் பம்புக்கு ஒரு குணம் இருக்கு, பழைய ஆயில வடிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே விட்டா பம்புக்குள்ள இருக்கிற ஆயிலும் இறங்கிடும், அப்புறம் புது ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணா பம்பு இழுக்காது, எஞ்சின் காஞ்சு ஓடும். வடிச்சு பத்து நிமிஷத்துக்குள்ள ஊத்திடணும்னு இந்த எஞ்சின்ல கை வச்சவங்களுக்கு தெரியும். தெரியாத இடத்துல காலைல வடிய விட்டுட்டு டீ குடிச்சு மத்தியானம் ஊத்துவாங்க. உங்க அயலார் வண்டிக்கு அதுதான் நடந்துச்சுன்னு வண்டிய பாக்காம அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா ஆயில் மாத்தின உடனே ஜாம் ஆன 3.2-ன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அதத்தான். எப்படி பாத்தாலும் நீங்க பாக்குற 2.0 வேற எஞ்சின். அவர் அனுபவத்துல இருந்து எடுத்துக்க வேண்டியது ஃபோர்டு வேண்டாம்ங்கிறது இல்ல, அந்த எஞ்சின தெரிஞ்ச கை உங்க பக்கத்துல இருக்கா இல்லையாங்கிறதுதான்.

உங்க ஃப்ரெண்டோட வீட்டுக்காரர் மட்டும்தான் அதே வண்டிய ஓட்டுனவர். அவர் எங்க வேலை, எவ்வளவு ஓடுச்சு, எத்தனை கிலோமீட்டர்ல வித்தார்னு நீங்க எழுதல. மூணு வருஷத்துல வித்தவர்னா பெரும்பாலும் சர்வீஸ் பிளானும் வாரண்டியும் இருந்த காலம் மட்டும்தான் அவர் கண்ணுல பட்டிருக்கும். ஃபோர்டு அப்ப குடுத்த வாரண்டி 4 வருஷம் இல்ல 1,20,000 கிலோமீட்டர், சர்வீஸ் பிளான் 90,000 வரைக்கும். அந்த காலத்துல யாருக்கும் வண்டி சொர்க்கமாத்தான் இருக்கும், காசு அடுத்தவங்க குடுக்குறாங்க. நீங்க வாங்கப்போறது அதுக்கு அப்புறம் வர்ற வாழ்க்கைய. அதனால இதே வண்டிய ஒண்ணரை லட்சம் தாண்டி வச்சிருக்கிற ஒரு ஆள தேடுங்க, அதுவும் ஆபீஸ் போற ஆள் இல்ல, செங்கல் ஏத்துறவர், கரும்பு தோட்டத்துல வேலை எடுத்து செய்யறவர், பிளம்பர், அப்படி ஒருத்தர். டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் போனா கிடைப்பாங்க.

சித்தப்பா சொன்னது உண்மை, ஆனா அவர் காலி வண்டி ஓட்டுறவர்னு நினைக்கிறேன். பின்னாடி லீஃப் ஸ்பிரிங் லோடுக்குன்னு போட்டது, காலியா போனா குதிக்கும், கார்ப்பரேஷன் ஸ்பீட் ஹம்ப்ல தலை கூரையில இடிக்கிற மாதிரி இருக்கும். 500, 600 கிலோ ஏறுனதும் அதே வண்டி சாதுவா உக்காந்துக்கும். 2020 கடைசியில வந்த புது ஹைலக்ஸ்ல சஸ்பென்ஷன கொஞ்சம் மென்மையாக்குனாங்க, நீங்க பாக்குறது அதுக்கு முன்னாடி வந்தது. ரேஞ்சர் காலியாவும் சுகமாத்தான் போகும், ஸ்டியரிங்கும் எலெக்ட்ரிக், ஒரு விரல்ல பார்க் பண்ணலாம், ஹைலக்ஸ் ஸ்டியரிங் ஹைட்ராலிக், கை வலிக்கும். அம்மாவ வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டு போறதுக்கு ரேஞ்சர்தான் நல்லது, இதுல ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனா ரெண்டுமே உயரம், ஏற எறங்க சைடு ஸ்டெப் கண்டிப்பா வேணும்.

இன்னும் ஒண்ணு. வெளிநாட்டுக்காரங்க வீடியோவ பாத்து பயப்படாதீங்க, நம்பவும் செய்யாதீங்க. ஆஸ்திரேலியாவுல இதே எஞ்சின் குடும்பத்து மேல பெரிய கேஸ் நடந்துச்சு, 2015 அக்டோபர்ல இருந்து 2020 ஏப்ரல் வரைக்கும் வித்த ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ எல்லாம் சேத்து 2,64,000 வண்டி, புகை வடிகட்டுற டி.பி.எஃப் சரியா சுத்தமாகாம வெள்ளை புகை கக்குதுன்னு. 2022-ல கோர்ட் வண்டி வாங்குனவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அது உண்மையான குறை, ஆனா அந்த வடிகட்டி இருக்கிற வண்டிக்குத்தான் அந்த குறை. எந்த நாட்டுல என்ன புகை சட்டம், என்ன டீசல்ங்கிறத பொறுத்து ஒரே மாடல்ல கூட அடியில மாட்டுறது மாறும். அதனால நீங்க பாக்குற அந்த ஹைலக்ஸ்ல டி.பி.எஃப் இருக்கான்னு பார்ட்ஸ் கவுண்டர்ல சாசி நம்பர குடுத்து கேட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப ரெண்டு எஞ்சினுக்கும் வருவோம். பேப்பர்ல ரேஞ்சர்தான் மேல, 157 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக், இந்த கியர்பாக்ஸ் உங்க அண்ணன் சொன்ன எஃப்-150-ல வர்ற அதே குடும்பம். 2019 ஹைலக்ஸ் 130 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். டவுன் ஹில்ங்கிற மலை ஏத்தத்துல ட்ரெய்லரோட போனா வித்தியாசம் தெரியும். ஆனா நீங்க தினமும் போறது வெருலம்ல இருந்து என்2-ல இறங்கி கிளேர்வுட், அதுக்கு 130 கிலோவாட் எங்கயும் குறையாது.

என் கவலை ரேஞ்சரோட டைமிங் பெல்ட்லதான். அந்த 2.0 எஞ்சின்ல பெல்ட் வெளிய காஞ்சு ஓடல, எஞ்சின் ஆயிலுக்குள்ளயே ஓடுது. சத்தம் கம்மி, உராய்வு கம்மி, டீசலும் மிச்சம், எல்லாம் சரி. ஆனா ஆயில் கெட்டா பெல்ட்டும் கெடும். தப்பான ஆயில் ஊத்துனா, மாத்த வேண்டிய நேரத்துல மாத்தாம விட்டா, குட்டி குட்டி தூரம் ஓடி டீசல் ஆயில்ல கலந்தா, பெல்ட் ரப்பர் ஊறி உதிரும், உதிர்ந்த தூள் போய் பிக்-அப் வலைய அடைக்கும், ஆயில் பிரஷர் விழும். அதுவரைக்கும் வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது, அதுதான் இதுல கொடுமை. நல்லா பாத்துக்கிட்ட வண்டி நல்லாத்தான் ஓடுது, நான் இந்த எஞ்சின குறை சொல்லல. ஆனா முந்தின ஓனர் என்ன ஊத்துனார், எப்ப மாத்துனார்ங்கிறது ஹைலக்ஸ்ல தெரியலன்னா அது ஒரு குறை, இந்த ரேஞ்சர்ல தெரியலன்னா வண்டியவே வாங்கக்கூடாது. வாங்குனாலும் பெல்ட் கிட் மாத்துறதுக்குன்னு தனியா காசு ஒதுக்கி வைக்கணும், கம்பெனி சொல்ற நீண்ட இடைவெளி வரைக்கும் லோடு வண்டிய விட்டு வைக்க எனக்கு மனசு வராது. டீலர் விலைல கம்மி பண்றது பெரும்பாலும் இங்கயே கரைஞ்சிடும்.

சர்வீஸ் செலவ ஒப்பிடுறதுலயும் எல்லாரும் ஏமாறுறாங்க. ஹைலக்ஸ்க்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், ரேஞ்சருக்கு 15,000. ஒரு சர்வீஸ் பில்ல இன்னொரு சர்வீஸ் பில்லோட வச்சு பாக்கக்கூடாது, 30,000 கிலோமீட்டருக்கு மூணு பில்லும் ரெண்டு பில்லும்னு வச்சு பாக்கணும், அப்ப ரேஞ்சர் மலிவா தெரியும். ஆனா விடிகாலைல குளிர்ந்த எஞ்சின், முழு லோடு, செம்மண் தூசி, மார்க்கெட்ல ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி, இது 15,000 வரைக்கும் விடுற ஓட்டம் கிடையாது. நான் ஓனரா இருந்தா ரெண்டு வண்டிக்கும் 10,000-லயே ஆயில் மாத்துவேன், பெல்ட்டுக்காகவே. அப்ப அந்த மலிவும் போச்சு. டீசலும் கவனிங்க, இங்க பம்புல கந்தக அளவு 500 பி.பி.எம் உள்ளதும் இருக்கு 50 பி.பி.எம் உள்ளதும் இருக்கு, கந்தகம் கம்மியா இருக்கிறத மட்டும் ஊத்துங்க, சில காசு மிச்சம்னு தம்பிய 500 ஊத்த விடாதீங்க.

பார்ட்ஸ் விஷயத்துல ரெண்டுமே உள்ளூர் பிள்ளைங்க. ஹைலக்ஸ் நம்ம டர்பன் பிராஸ்பெக்டன்லயே செய்யறது, ரேஞ்சர் பிரிட்டோரியா சில்வர்டன்ல. இருந்தாலும் பழைய பார்ட்ஸ், ஸ்க்ராப்யார்ட் பார்ட்ஸ், தெருமுனை மெக்கானிக்குக்கு தெரிஞ்ச வண்டின்னு பாத்தா ஹைலக்ஸ்தான் முன்னாடி. அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, எல்லாருக்கும் வேணும்ங்கிற வண்டி திருடனுக்கும் வேணும். இந்த நாட்டுல அதிகமா கடத்துற வண்டிகள்ல ஹைலக்ஸ் எப்பவும் இருக்கும், ரேஞ்சரும் பின்தங்கல. மூணரை மணிக்கு இருட்டுல கேட் திறந்து தனியா வெளிய வர்றது நீங்க, இத சும்மா ஒரு வரியா படிச்சிட்டு போயிடாதீங்க. காசு குடுக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்குங்க, விடிகாலைல வியாபாரத்துக்கு ஓடுற வண்டின்னு மறைக்காம சொல்லி வாங்குங்க, சொந்த உபயோகம்னு எழுதிட்டா கிளெய்ம் நாள் அன்னிக்கு கைய விரிச்சிடுவாங்க. டிராக்கர் கண்டிப்பா கேப்பாங்க, அந்த மாசக் காசையும் சேத்து பாருங்க.

யார்கிட்ட வாங்குறீங்கங்கிறதும் வண்டி மாதிரியே முக்கியம். டீலர்கிட்ட வாங்குனா நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் ஆறு மாசத்துக்கு உங்க பக்கம் நிக்கும், குறை இருந்தா ரிப்பேரோ மாத்தி குடுக்குறதோ பணத்த திருப்புறதோ கேக்கலாம், வூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே வித்தாச்சுன்னு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கி தப்பிக்க முடியாது. தனி ஆள்கிட்ட வாங்குனா அந்த காப்பு இல்ல, பாத்து வாங்குறது உங்க பொறுப்பு. கம்பெனி பேர்ல வாங்குறதா இருந்தா ஒண்ணு கவனிங்க, சொத்தோ வருஷ வியாபாரமோ 20 லட்சம் ரேண்ட் தாண்டுன கம்பெனிக்கு அந்த சட்டம் பொருந்தாது. ரோட்வொர்தி பேப்பர் குடுக்குறேன்னு சொன்னா அதோட நின்னுடாதீங்க, அது பிரேக், லைட், டயர் பாக்குறது, எஞ்சினுக்குள்ள எட்டி பாக்காது.

ரெண்டு வண்டிக்கும் பாக்க வேண்டியது இருக்கு. எஞ்சின் சுத்தமா ஆறி இருக்கும்போது போங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா ஏன்னு கேளுங்க. ஸ்டார்ட் பண்ணதும் எப்படி புகையுது, நடுங்குதா, ஆயில் மூடிய திறந்தா மூச்சு விடுற மாதிரி உள்ள இருந்து காத்து அடிக்குதா பாருங்க. டோ பார் மாட்டுற இடத்துல சாசி வளைஞ்சிருக்கா, லோடு பாடி கேபினோட உரசுன தடம் இருக்கா, லீஃப் ஸ்பிரிங் தகடு உடைஞ்சிருக்கா. கடலோரத்துல நின்ன வண்டின்னா பிரேக் பைப்பும் சாசி ஓரமும் அரிச்சிருக்கும். அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம் ஞாபகம் இருக்கும், பிராஸ்பெக்டன் பிளான்டே மாசக்கணக்குல நின்னு போச்சு, நம்ம பக்கம் தண்ணியில நின்ன வண்டி எவ்வளவோ. ரெண்டு வண்டியும் அப்ப இங்க ஓடிக்கிட்டு இருந்திருக்கலாம், சீட்டு அடியில கார்பெட்ட தூக்கி பாருங்க, சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்து அடியில சேறு கோடு இருக்கான்னு பாருங்க. ரேஞ்சர கொஞ்சம் சூடானதும் ஊருக்குள்ள மெதுவா ஓட்டுங்க, மூணாவது நாலாவது கியர் மாறும்போது பின்னாடி யாரோ உதைக்கிற மாதிரி இருந்தா ஜாக்கிரதை. சர்வீஸ் புக்க பாக்கும்போது கம்பெனி ஏஜென்ட் ஸ்டாம்ப் இல்லன்னு ஒதுக்காதீங்க, 2021 ஜூலைல இருந்து வெளி வொர்க்ஷாப்ல பாத்தாலும் வாரண்டி போகாதுங்கிற விதி வந்தாச்சு, அதனால நல்ல ஓனர்களும் வெளியில பாக்குறாங்க. ஸ்டாம்ப விட பில் முக்கியம், அதுல ஆயில் பேரும் கிலோமீட்டரும் எழுதியிருக்கணும்.

என் முடிவ கேட்டீங்கன்னா, உங்க ஓட்டத்துக்கு ஹைலக்ஸ். தினமும் லோடு, பக்கத்துல இருக்கிற மெக்கானிக், அஞ்சாறு வருஷம் வச்சிருக்கிற எண்ணம், விக்கும்போதும் விலை நிக்கணும், இதுல எல்லாம் அதுதான் ஜெயிக்குது, 55,000 கிலோமீட்டர் அதிகமா ஓடியிருந்தும் நான் இதத்தான் சொல்வேன். ஆனா ஒண்ணு, அந்த ஆள்கிட்ட பில் இருக்கணும், ஒரு மெக்கானிக்க கூட்டிட்டு வர விடணும். ரெண்டுல ஒண்ணுக்கு தலைய சொறிஞ்சார்னா அந்த வண்டிய விட்டுடுங்க, அதே மாடல் இன்னொண்ணு கிடைக்கும். டீலர்கிட்ட நிக்கிற ரேஞ்சருக்கு முதல் நாள்ல இருந்து முழு ஆயில் பில்லும் இருந்து, பெல்ட் மாத்தி குடுக்குறேன்னு எழுதி தந்தா, அப்ப அம்மாவோட மூட்ட நினைச்சு அத எடுத்தாலும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

கடைசியா தம்பி விஷயம். அவன் லைசென்ஸ் கோட் பி-ன்னா 750 கிலோ வரைக்கும் உள்ள ட்ரெய்லர்தான் இழுக்கலாம், அதுவும் லோடோட சேத்து அந்த ட்ரெய்லருக்கு கம்பெனி குறிச்ச உச்ச எடை. அதுக்கு மேலன்னா இ.பி வேணும், ட்ரெய்லர்லயும் பிரேக் இருக்கணும். உரம் ஏத்துற ட்ரெய்லருக்கு அது 750 தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். எந்த வண்டி வாங்குனாலும் அவன இந்த வாரமே டெஸ்டுக்கு புக் பண்ண சொல்லுங்க, தேதி கிடைக்கிறதுக்கு நாளாகும்.